பவானியின் முதுகுத்தண்டு நீர்

செங்கல்பட்டு, 1975

என் உயிரான அண்ணே,

உன் மகளுக்கும் வலிப்பு வந்துவிட்டது. "மாமல்லபுரம் சந்தையில மீன் வித்துகினு இருந்தேன், பக்கத்துலயே பொத்துனு வுழுந்துட்சி" என்று அண்ணி அழுதாள். கட்டுமரத்திலிருந்து நீ விழுந்தபோதும் இப்படித்தான் இழுத்ததாம். நீ இறந்துபோகையில் பவானிக்கு இரண்டு வயது. இப்போது எட்டு.

குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. "புருசன முழுங்கினா, இப்போ பொண்ண முழுங்கப் பாக்கறா." அண்ணி காதில் விழும்படியே சொன்னார்கள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொன்னேன். அங்கே லேபில்தான் எனக்கு வேலை, உனக்குத் தெரியாதே. டாக்டர் பவானியைச் சுருண்டு படுக்கவைத்து முதுகுத்தண்டிலிருந்து ஊசியில் நீர் எடுத்தார். அசையாமல் பிடித்திருந்தது நான்தான். "அத்தே, வுட்டுடு" என்றாள். விடவில்லை.

மூளையில் புழு இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம்; அதற்கான சோதனை எங்கள் லேபில் கிடையாது. ஐஸ் போட்ட பிளாஸ்கில் அந்த நீர்க் குப்பியை வைத்து, மடியில் அணைத்தபடி மெட்ராஸ் ஆஸ்பத்திரி லேபுக்கு ரயிலேறினேன். கூடுவாஞ்சேரி வருவதற்குள் உடைந்துவிட்டதோ என்று இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டேன்.

நாடாப்புழு முட்டை உள்ளே போய் மூளையில் கட்டியாகத் தங்கினால், உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளை உண்டாக்கும். அது அந்த நீரில் இருந்தால், சோதனைத் தட்டின் குழியில் அதோடு கலக்கும் ரத்தச் சிவப்பணுக்கள் பாய் விரித்ததுபோல் பரவும். இல்லாவிட்டால் அடியில் பொட்டாக இறங்கிவிடும். மறுநாள் தட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். எது வேண்டுமென்று நான் வேண்டிக்கொள்வது? புழு இல்லையென்றால் வேறென்ன இருக்கும் அந்தச் சின்னத் தலைக்குள்?

பரவியிருந்தது.

"புழுவக் கொல்ல இப்ப மருந்து இல்லம்மா. வலிப்ப மாத்திரையில அடக்கிப் பாக்கலாம்" என்றார் டாக்டர். உனக்கும் இதுதானா என்று கேட்டேன். "ஒரே தண்ணி, ஒரே சாப்பாடு. இருந்திருக்கலாம். சோதிக்காம உறுதியா சொல்ல முடியாது."

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அவுரு போனது என்னால இல்லியா, கஸ்தூரி?"

"இல்ல அண்ணி" என்றேன். நீ இறந்த வாரம், "அந்த ராசி கெட்டவள வூட்ல சேக்காதே" என்று அம்மாவிடம் சொன்னவள் நான். அது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மாத்திரை கொடுத்தும் நேற்று ஒருமுறை இழுத்தது. பயமாக இருக்கிறது அண்ணே. அடுத்தது அடுப்படியில் வந்தால்? கிணற்றடியில் வந்தால்?

இருவரையும் செங்கல்பட்டுக்கு என்னோடு கூட்டிவந்துவிட்டேன். அன்று அம்மாவிடம் நான் சொன்னதை அண்ணியிடம் என் வாயாலேயே ஒப்புக்கொள்வேன். அதன்பிறகு அவள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும், எங்கே இருந்தாலும் பவானிக்கு மாத்திரை வேளை தவறாமல் போய்ச் சேரும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தங்கை,
பவானியின் அத்தை கஸ்தூரி