பதினொரு படங்கள்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். பதிப்பகத்தின் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் பிரிக்க ஏழு வாரம் ஆகுமாம். பறவைப் புத்தகத்துக்கு இன்னும் பதினொரு படங்கள் பாக்கி. கெடு ஆறு வாரம்தான். தவறினால் வேறு ஓவியரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஆசிரியரிடம் ஆறு வருடம் எலும்பும் தசையுமாக வரைந்து பழகியவர்கள் நாம். உன் கோட்டையும் என் கோட்டையும் அம்மாவாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. வரைந்து தருவாயா? இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

பதினொன்றும் இதோடு வருகின்றன. பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டுத்தான் முடித்தேன். ஆந்தை மட்டும் நாலு தாளை வீணாக்கியது. “உங்க அக்கா பேருக்கு நீ ஏன் கண்ணக் கெடுத்துக்கற?” என்று இவர் முணுமுணுத்தார். ஐந்தாவது தாளைப் பார்த்ததும் விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார். கையை ஆட்டாமல் வை.

தங்கை

நவம்பர் 20

அக்கா,

புத்தகம் கிடைத்தது. அதற்கு உனக்குப் பரிசு கிடைத்ததில் சந்தோஷம். நீ அம்மாவுக்கு அனுப்பிய பத்திரிகைப் பேட்டியை நான்தான் வாசித்துக் காட்டினேன். ஆந்தையின் கண்ணை எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டதற்கு, பொறுமைதான் காரணம் என்று சொல்லியிருக்கிறாய். “அவ பொறுமை உனக்கு வருமாடி?” என்றாள் அம்மா. யாருக்கும் சொல்லாதே என்றாய், வீட்டில் இவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அதற்காக இப்படிச் சொல்வாய் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

தங்கை

பிப்ரவரி 2

தங்கைக்கு,

என்ன எழுதினாலும் சமாதானம் சொல்வதுபோலவே இருந்தது. அதனால் போன மாதம் பதிப்பாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “இனிமே உங்களுக்கு எப்படிங்க வேலை குடுக்கறது?” என்றார். நியாயம்தான். பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்த பதிப்பில் உன் பெயரும் வரும். நான் எழுந்தபோது உன் முகவரியைக் கேட்டார், கொடுத்தேன். எனக்காகப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாதே. அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். நான் இப்போது ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் பாடப் படங்கள் வரைகிறேன். முழங்கால் மூட்டு.

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

பதிப்பகத்தின் கடிதம் வந்தது. மீன்களைப் பற்றிய புத்தகம், நாற்பது படங்கள். உன்னைக் கேட்காமலே சரி என்று எழுதிவிட்டேன். கோபம் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. முதல் இரண்டு படங்களின் நகல் இதோடு இருக்கிறது. செதில் தட்டையாகவே நிற்கிறது, எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. சிவப்புப் பென்சிலால் குறித்து அனுப்பு. குறித்தால் போதும், நீ வரைந்துவிடாதே.

தங்கை