வாஃபிள் அச்சுக்காகப் பிடுங்கிய பிளக்

சுன்மோரே, அக்டோபர்

அன்பு மகன் எய்வினுக்கு, உன் சித்தி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, பெர்த் வெயில் உன்னையும் வதைக்காமல் இருக்கட்டும். உடம்பு சுகம்தான், மனசுதான் கொதிக்கிறது. உன் தங்கை ரன்வெய்க்கை வெல்டிங் மெஷினிலிருந்து எடுத்துவிட்டுப் பட்டறை கூட்டப் போட்டிருக்கிறார்கள்.

காரணத்தைக் கேள். மீட்புப் படகுகளின் விசிறியைச் சுழற்றும் தண்டுகளின் மேல் துருப்பிடிக்காத உலோகத்தை உருக்கிப் பூசுவதுதானே அவள் வேலை. பூசுகிற கம்பியை முன்கூட்டியே சூடேற்றினால் அளவான ஆர்க்கிலேயே, அதாவது அந்த மின்பொறிச் சூட்டிலேயே, உருகி மேலாகப் படியும். கம்பி குளிர்ந்திருந்தால் ஆர்க்கை ஏற்ற வேண்டும், அடி இரும்பும் உருகிப் பூச்சில் கலந்துவிடும், அப்புறம் கடல் தண்ணீர் பட்டால் துருதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை ரொட்டியில் தடவினால் ரொட்டியும் பிய்ந்துகொண்டு வருமே, அதுதான்.

வெள்ளிக்கிழமை பட்டறையில் வாஃபிள் சுடுவார்கள், சுடுகிற கரண்ட் அச்சு என்னுடையது, உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு வெள்ளி, இவள் கை கழுவப் போன நேரத்தில் மேஸ்திரி யூஸ்டைன் கம்பி சூடேற்றும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி அந்த இடத்தில் அச்சைச் செருகியிருக்கிறார். திரும்பி வந்தவள், கம்பி உருகவே மாட்டேங்குதே என்று கேட்டதற்கு, வாய் நிறைய வாஃபிளோடு, "ஆர்க்கை ஏத்தும்மா, இன்னைக்கே முடியணும்" என்றாராம். ஏற்றினாள். உப்புத் தண்ணீர்ச் சோதனையில் அந்தத் தண்டு துருப்பிடித்தது. உடனே இவர், "அந்தப் பொண்ணுக்குக் கைப்பதம் பத்தல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஜெபவீட்டில் முன்வரிசையில் நின்று பாடுகிற அதே வாய்!

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் காப்பி ஊற்றும்போது என்னிடம் மட்டும் குசுகுசுக்கிறார், "குன்வோர் அக்கா, பிளக்கைப் பிடுங்கினது நான்தான். கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன், போதாதா?" என்று. எனக்கு வந்ததே கோபம். கர்த்தருக்கு முன்னமே தெரியும்ப்பா, தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு என்றேன். மறுநாளே பட்டறைக்குப் போய் அச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வாஃபிள் எங்கே என்று கேட்டு வந்தவர்களிடம், யூஸ்டைனைக் கேளுங்கள் என்று அனுப்பினேன். இன்றும் வெள்ளி, இன்றும் அச்சு என் அலமாரியில்தான்.

நீ கோபத்தில் அவருக்குப் போன் பண்ணிவிடாதே, தங்கையிடம் மட்டும் பேசு. ஆராதனைக்குப் போகிறாயா? கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன்னை வளர்த்த சித்தி,
குன்வோர்

பி.கு. உறையை ஒட்டுமுன் ரன்வெய்க் ஓடி வந்தாள், கையெல்லாம் கரி. "சித்தி, பிளக்கைப் பிடுங்கினது தான்தான்னு யூஸ்டைன் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு, மெஷின் மறுபடி எனக்குத்தான். அச்சைக் குடு, எல்லாரும் பசியில நிக்கிறாங்க" என்றாள். கொடுத்தேன். பட்டறைச் சமையலறை பிளக் பாயிண்ட் வரை எட்டுகிற மாதிரி நீளமான வயரும் சேர்த்துக் கொடுத்தேன்.