ஸ்கூட்டர் கழுவிய தண்ணீர்

தீபா அப்பாவுக்கு,

எழுப்பினால் மறுபடி சண்டை வரும் என்றுதான் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். புயல் கரையைக் கடக்கும்வரை ஆஸ்பத்திரியில் நர்சுகள் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார்களாம்.

குடிக்க நான் பிடித்து வைத்த தண்ணீரில் நேற்று ஸ்கூட்டரைக் கழுவினீர்கள். கேட்டால், "எல்லாப் புயலும் கடலூர் பக்கந்தான் போவும், நீ ஏன் சும்மா பயப்படுறே?" என்கிறீர்கள். புயலுக்கு முதல் நாள் வண்டி கழுவிய ஆள் முதலியார்பேட்டையிலேயே நீங்கள் ஒருவர்தான்.

மறுபடி பிடித்துவிட்டேன். குடம், குக்கர், இட்லிப் பானை எல்லாவற்றிலும் தண்ணீர்தான். தொடாதீர்கள். கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டு மேல் டேங்கை நிரப்பிவிடுங்கள்.

சின்ன டார்ச்சில் இருந்த செல்லைக் கிரிக்கெட் பார்க்க ரிமோட்டில் போட்டிருந்தீர்கள். கழற்றி டார்ச்சிலேயே போட்டுவிட்டேன். இனி ரிமோட் வேலை செய்யாது, தேடாதீர்கள்.

புளிச்சோறு கிண்டியிருக்கிறேன், நாளைக்கும் தாங்கும். காற்று அடிக்கும்போது தீபாவை மொட்டை மாடிக்கு விடாதீர்கள்.

போன புயலில் வந்ததுபோல என்னைக் கூட்டிவர வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். ரோட்டில் மரம் விழும். நிஜமாகத்தான் சொல்கிறேன், வராதீர்கள்.

மெழுகுவர்த்தி சாமி அலமாரியில். தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்? வருவதென்றால் தீபாவைப் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி அக்காவிடம் விட்டுவிட்டு வாருங்கள். மழைக்கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். கழுவிய வண்டி சேறானால் என்னைத் திட்டக்கூடாது.