மூன்று மைல் ரோடும் தவளைக் காரும்

நேற்று பதுளை பஜாரில் சாவி வெட்டுகிறவரிடம் என் வீட்டுச் சாவிக்கு இன்னொன்று வெட்டக் கொடுத்தேன். வளையத்தை வாங்கிப் பார்த்தவர், தேய்ந்து மெலிந்த ஒரு சாவியை விரலால் பிரித்தெடுத்து, "ஐயா, இது எந்தப் பூட்டுக்கு?" என்றார்.

"அது காருக்கு."

அவர் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். நான் பஸ்ஸில் போனவன்.

"கார் எங்கங்க?"

"மடுல்சீமைப் பக்கம். ஒரு தேயிலைத் தோட்டத்துல, மாட்டுப்பட்டியில நிக்குது."

அவர் வீட்டுச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு அரத்தை எடுத்தார். அரம் உராயும் சத்தத்தைக் கேட்டபடி நான் உன் சாவியைக் கையில் வைத்திருந்தேன். அது சூடாகும் வரை வைத்திருந்தேன்.

தோட்டத்தின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. ஒரு தடவை எழுதியது போதும்.

நாம் இருவரும் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். நான் பதுளைக்குப் படிக்க வந்து, பிறகு கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபரானேன். நீ பேக்டரியில் எஞ்சின் பார்க்கிறவனானாய். லொறி டிரைவர் லீவு போட்டால் லொறியையும் ஓட்டுவாய். மாதத்துக்கு ஒரு தடவை நான் வருவேன். "என்னா பேப்பர்காரரே, ஊர்ல எவன் செத்தான், எவன் ஜெயிச்சான்?" என்பாய். தோட்டத்துக்கு வெளியே நடக்கிறதெல்லாம் உனக்கு ஊர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனார். அவருடைய கார் பேக்டரிக்குப் பின்னால் கிடந்தது. இரண்டே சீட். மேலே தகரம் கிடையாது, துணிக் கூரைதான். முன்னால் இரண்டு லைட்டும் எஞ்சின் மூடியின் மேல் முழித்துக்கொண்டு நிற்கும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் அதைத் தவளை என்றார்கள். எஞ்சின் தலை வெடித்திருந்தது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம் அது. பாகம் கிடைக்காத காரை டவுனில் யாரும் சீண்டவில்லை. நீ உன் வீட்டுக் கறவை மாட்டை விற்று அதை வாங்கினாய். மாடு நின்ற பட்டியிலேயே கொண்டுவந்து நிறுத்தினாய்.

மாடு உன் மனைவி அங்கம்மாவினுடையது. அவள் தாய்வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்தது. நான் வந்தபோது அவள் என்னிடம் நியாயம் கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. பால் குடுத்த மாட்ட வித்துட்டு, பெட்ரோல் குடிக்கிற தவளைய வாங்கியாந்திருக்காரு. இது என்னா, காலையில ரெண்டு போத்தல் கறக்குமா?"

நீ காருக்கு அடியில் படுத்திருந்தாய். உன் கால் மட்டும் வெளியே தெரிந்தது. அடியிலிருந்தே பதில் வந்தது.

"ஒரு நாளைக்கு இத நானே ஓட்டிக்கிட்டு ரோட்டால வந்து, நம்ம லயத்து வாசல்ல நிப்பாட்டுவேன். ஒன்ன ஏத்திக்கிட்டு பசறைக்கு போவேன். அம்புட்டுதான் வேணும்."

"மொதல்ல எந்திரிச்சு சோறு தின்னுங்க" என்றாள் அங்கம்மா.

இரண்டு வருஷம் பிடித்தது. அந்த எஞ்சினும் மொரிஸ் மைனர் எஞ்சினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று கண்டுபிடித்தது நீதான். ஹல்துமுல்லையில் பள்ளத்தில் விழுந்து நொறுங்கிய மொரிஸ் மைனர் ஒன்று கிடப்பதாக நான் தகவல் கொண்டுவந்தேன். இருவரும் போய் அதன் தலையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் உன் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கொண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "இது என்னா, சாமியா?" என்றார். "ஆமாங்க, இன்னும் கண்ணு தெறக்கல" என்றாய். அவர் அதற்கு டிக்கட் கேட்கவில்லை.

துருப்பிடித்த அடித்தட்டுக்குப் பதிலாக, உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையை வெட்டிப் போட்டாய். தோட்டத்தின் பெயர் அச்சடித்த பக்கம் மேலே இருந்தது. திருப்பிப் போடச் சொன்னேன். "இருக்கட்டும், காலுக்குக் கீழதானே" என்றாய். சீட்டுக்குள் தென்னந்தும்பு அடைத்து, கொழுந்து வாட்டிக் கழித்த சாக்குத் துணியை அதன் மேல் தைத்தாய். மழை ஈரம் பட்டால் அந்தத் தும்பு வாசனை வரும். பச்சைத் தேயிலை வாடும் வாசனையும் கூடவே வரும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எஞ்சின் பிடித்தது. சத்தம் பங்களா வரை போயிற்று. திங்கட்கிழமை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த இடத்தில், எல்லோர் முன்னாலும் தோட்டத்தை நிர்வகிக்கிற பெரியதுரை உன்னைக் கூப்பிட்டார். அவர் வெள்ளைக்காரர் அல்ல, இந்த நாட்டுக்காரர்தான். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். காரை வைத்துக்கொள்ளலாம், தோட்டத்து ரோட்டில் ஓட்டக் கூடாது என்றார். ஏன் என்று நீ கேட்டாய். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பதே பெரிய விஷயம்.

"உனக்கு கார் இருக்கு. எனக்கு ரோடு இருக்கு" என்றார் துரை.

லயத்திலிருந்து பசறை ரோட்டுச் சந்திக்கு மூன்று மைல். அந்த மூன்று மைலும் தோட்டத்துக்குச் சொந்தம். வேறு வழி கிடையாது. மாட்டுப்பட்டிக்குள் ஓடக்கூடிய ஒரு கார் ஓட முடியாமல் நான்கு மாதம் நின்றது. தினமும் வேலை விட்டு வந்து நீ அதைத் துடைத்தாய். பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னாய்:

"ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னாரு. இழுக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

அடுத்த ஞாயிறு காலை மாரியம்மன் கோயில் தேர்வடத்தைக் கோயில் தலைவரிடம் கேட்டு வாங்கினாய். நாற்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். நீ எஞ்சினைத் தொடவில்லை என்று நாளைக்குச் சாட்சி வேண்டுமென்று சாவியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாய். இறக்கத்தில் பிரேக். பங்களாவுக்குக் கீழே ரோடு ஏறுகிறதல்லவா, அங்கே வடம். "இழுங்கய்யா, சாமி பாரமா இருக்கு" என்று ஒருவர் கத்த, பெண்கள் குலவை போட்டார்கள். துரை வராந்தாவில் நின்று பார்த்தார்.

அங்கம்மா மட்டும் வரவில்லை. நீ கெஞ்சிப் பார்த்தாய். "என் மாட்ட வித்து வாங்குன வண்டி. ஓடிவந்து என் வாசல்ல நின்னு கூப்புட்டாத்தான் ஏறுவேன். கயித்துல கட்டி இழுக்குற வண்டியில ஏறவா நான் காத்துக் கெடக்கேன்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்தியில் கைநீட்டிச் சாவியை வாங்கி நீ எஞ்சினைப் போட்ட கணம் எனக்கு நினைவிருக்கிறது. பசறையில் பலகைக் கடை வைத்திருந்த ஹாஜியாரிடம் போனோம். "சும்மா ஈக்கிற எடந்தானே தம்பி, நிக்கட்டும்" என்று கடைக்குப் பின்னால் இடம் கொடுத்தார். துரை மனம் மாறும் வரைக்கும்தான் என்று நினைத்தோம்.

அதைக் கெடுத்தது நான். எட்டு வரிச் செய்தி. தோட்டத்தின் பெயர், இழுத்தவர்களின் தொகை, தேர்வடம், துரை வராந்தாவில் நின்று பார்த்தது. ஒரு சொல் பொய் இல்லை. அதை எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினேன் என்பதும் உண்மை. பதுளையில் யாரோ துரைமாருடைய கிளப்பில் அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். மறுநாள் பெரட்டில் உன் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பெயர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லயத்தில் குடியிருக்கக் காம்பரா இல்லை. இது நமக்கு யாரும் எழுதிக் காட்டித் தெரிந்ததல்ல.

ஒன்பதாவது நாள் என் அறைக்கு வந்தாய். உட்காரவில்லை.

"மன்னிப்பு கேட்டு, கார தோட்டத்துக்கு கொண்டாற மாட்டேன்னு லெட்டர் குடுக்கணுமாம். கிளாக்கரய்யா சொன்னாரு. பேப்பர்ல எழுதுனது நீ. லெட்டரையும் நீயே எழுதிரு."

ஆங்கிலத்தில் டைப் செய்தேன். நல்ல கடிதம். அதுதான் தப்பு. கார் தோட்டத்துக்குள் வராது என்று எழுதினால் போதும். வாக்கியம் மொட்டையாக இருப்பது போல் பட்டு, எந்தக் காலத்திலும் வராது என்று எழுதினேன். தமிழில் வாசித்துக் காட்டியபோது நீ அந்த இடத்தில் நிறுத்தினாய்.

"எந்தக் காலத்திலும்னு கேட்டாங்களா?"

"கேக்கல. அப்படிப் போட்டாத்தான் துரைக்குத் திருப்தியா இருக்கும்."

நீ பேனாவை வாங்கித் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, கையெழுத்துப் போட்டாய். மறுநாள் பெரட்டில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு உனக்கு ஞாயிற்றுக்கிழமைகள்தான். மூன்று மைல் இறங்கி, பஸ் பிடித்துப் பசறைக்கு வந்து, ஹாஜியார் கடையிலிருந்து காரை எடுத்து, சந்திக்கு வருவாய். தோட்டத்து ரோடு தொடங்கும் இடத்தில் குறுக்கே கட்டிய சங்கிலிக்கு முன்னால் காரைத் திருப்புவாய். லுணுகலைப் பக்கம் ஒரு ஓட்டம், திரும்பி வந்து சங்கிலிக்கு முன்னால் இன்னொரு திருப்பம். பிறகு காரை விட்டுவிட்டு, பஸ், மூன்று மைல் ஏற்றம். பக்கத்து சீட்டில் சில ஞாயிறு நான் இருப்பேன். மற்ற ஞாயிறுகளில் அது காலி. திருப்பத்தில் டயர் போட்ட வளையம் அந்த மண்ணில் எப்போதும் இருக்கும்.

இரண்டு வருஷத்தில் அந்தத் துரை போய்விட்டார். பிறகு தோட்டத்தை அரசு எடுத்தது. புது துரைக்கு உன்னையும் தெரியாது, காரையும் தெரியாது. "இனி என்ன, கொண்டுபோ" என்றேன்.

"கையெழுத்து என்னுதுல்ல. துரை மாறுனா அதுவும் மாறிருமா?"

நான் சும்மா இருக்கவில்லை. ஆபீசுக்குப் போய்ப் பழைய பைலைத் தேடச் சொன்னேன். கடிதம் இல்லை. கைமாறியபோது பாதித் தாள்கள் எங்கோ போய்விட்டனவாம். ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். நீ பேக்டரி வாசலில் எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"தாளு இல்லாட்டி என்னா? எழுதுன நீ இருக்க. போட்ட நான் இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. யாருக்குப் பயம், எதற்குப் பயம் என்று கேட்டேன். அப்போதுதான் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். அவர் யாரோ நீட்டிய, இந்தியக் குடியுரிமை கேட்கிற பாரத்தில் என்னவென்று தெரியாமல் பெருவிரலை வைத்தார். அந்த ஒரு விரலால்தான் உன் அண்ணன் குடும்பத்தோடு, பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேறினான். "அவரு தெரியாம வச்சாரு. அதுக்கே இன்னும் அனுபவிக்கிறோம். நான் நீ வாசிச்சு காட்டி, தெரிஞ்சு போட்டேன்" என்றாய்.

இப்படி ஆறு வருஷம். சங்கிலிக்கு முன்னால் எத்தனை தடவை திரும்பினாய் என்று நான் எண்ணவில்லை. எதையும் எண்ணுகிற தொழில்தான் எனக்கு. இதை எண்ணத் தைரியம் வரவில்லை.

நெஞ்சுச் சளி என்று பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தாய். கடைசி வாரம் சாவியை என் கையில் கொடுத்தாய். "எஞ்சினப் போட்டுப் போட்டு வையி, இல்லாட்டி இறுகிப்போகும்" என்றாய். அங்கம்மாவைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை.

உன் கருமாதி முடிந்த அடுத்த ஞாயிறு பசறைக்குப் போனேன். ஹாஜியார் காரைக் கழுவி வைத்திருந்தார். "மனிசன் வாற நாள்தானே" என்றார். சந்திக்கு ஓட்டிவந்தேன். உன் டயர் வளையத்தின் மேல் நின்றேன். காவல்காரர் வந்து சங்கிலியை இறக்கிவிட்டு, வெற்றிலையைக் குதப்பியபடி கைகாட்டினார். எங்கே, யார் என்று எதுவும் கேட்கவில்லை. வருகிற எல்லா வண்டிக்கும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. வருஷக்கணக்காக அப்படித்தான்.

லயத்து வாசலில் நிறுத்தி, "அங்கம்மா" என்று கூப்பிட்டேன். அவள் வெளியே வந்து காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பங்களாவுக்குக் கீழே ஏற்றத்தில், வடம் போட்டு இழுத்த இடத்தைத் தாண்டினோம். காலையில் பெய்த மழையில் சீட்டிலிருந்து தும்பு வாசனை வந்தது. சந்தியில் சங்கிலி அருகே நிறுத்தினேன். பழக்கத்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். லயத்து வாசலிலிருந்து பதினோரு நிமிஷம்.

"இம்புட்டு தூரந்தானாண்ணே?" என்றாள்.

பசறை வரைக்கும் போவோமா என்று கேட்டேன். வேண்டாம், வீட்டுக்கே போவோம் என்றாள். திரும்பி வந்து காரை மாட்டுப்பட்டியில் விட்டோம். சாவியை நீட்டினேன். "எனக்கு எதுக்குண்ணே. நீங்கதானே எஞ்சினப் போடணும்" என்றாள். மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். நேற்றும் சாவி வெட்டுகிறவர் கடையிலிருந்து நேரே அங்கேதான் போனேன். முதல் சுற்றிலேயே பிடித்தது.

கால் வைக்கும் பலகையில் தோட்டத்தின் பெயர் பாதி அழிந்துவிட்டது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் ஆயிரக்கணக்கான செய்தி எழுதியிருக்கிறேன், பிறருக்காகக் கடிதங்களும் எழுதியிருக்கிறேன். எந்தக் காலத்திலும் என்ற சொல்லை மட்டும் எந்த மொழியிலும் யாருக்காகவும் எழுதிக் கொடுத்ததில்லை.