ஸ்ரீ இல்லை, எஸ் ஆர் ஐ

ரங்கூன், 1965 ஆகஸ்ட், வியாழன் இரவு.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் முத்தையாவின் டீக்கடைக்குப் போய் வந்ததிலிருந்து ஆத்திரம் ஆறவில்லை. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் பழைய செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றை எடுத்து வந்து, கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறார். யாரோ ஐரோப்பியச் சிற்றரசன். கண்ணாடியில் சந்தனம், குங்குமம், போதாததற்கு மல்லிகை மாலை!

"யாரய்யா இது?" என்றேன்.

"கீழேயே இங்கிலீஷ் எழுத்துல ஸ்ரீன்னு போட்டிருக்கே சார். யாரோ பெரிய மகான்."

எஸ், ஆர், ஐ. லத்தீனில் அது அவன் சேர்ந்திருந்த பேரரசின் பெயர்ச்சுருக்கம். மகானாம், மகான்! போர்க்களத்தை எட்டியாவது பார்த்தானோ என்னவோ, மார்பில் இரும்புக் கவசம். பின்னால் தூணும் பட்டுத்திரையும். தாடையைத் தூக்கி, நம்மை மேலிருந்து பார்க்கிற மாதிரி கண்ணைச் செதுக்கியது கூலி வாங்கிய தகட்டு வேலைக்காரன். அதையே இந்தச் சிற்றரசன் கட்டுக்கட்டாக அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியிருப்பான்.

எல்லாம் சொன்னேன். முத்தையா அசையவில்லை.

"இருக்கட்டும் சார். அந்தப் பார்வையைப் பாருங்க, கும்பிடத் தோணுதுல்ல?"

இவர் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியதே இப்படிப் பார்க்கிறவர்களுக்குத்தானே! இப்போது ஆபீஸ் சுவர்களில் தொங்குகிற ராணுவத் தொப்பிக்காரர்கள் மட்டும்... வேண்டாம், அதை எழுதக் கூடாது.

டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். தெருமுனைச் சேற்றில் கால் பதிந்தபோதுதான் தெரிந்தது, செருப்பு இல்லை. டீக்கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. நான் கழற்றியிருக்கிறேன். வாசலிலேயே, அந்தப் படத்தைப் பார்த்ததுமே.