கைவிட்ட கம்பெனியில் ஒரு பங்கு

மார்ச் 4

கம்பெனி பங்குச் சந்தையை விட்டு விலகப் போகிறதாம். சம்மதமா என்று பங்குதாரர்களைக் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று ஓட்டுப் போட்டேன். அங்கே குக்கர் சோதித்த காலத்தில் சம்பளத்தோடு கொடுத்த பங்குகள் இவை. இவற்றை வைத்துத்தான் வருடாவருடம் கூட்டத்துக்குப் போய் முதலாளியிடம் ஒரே கேள்வி கேட்கிறேன் — எங்கள் சோதனைப் பிரிவை ஏன் மூடினீர்கள்? நாங்கள் ஒவ்வொரு குக்கரிலும் ஆவி ஏற்றி, எங்கேயாவது கசிகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு அனுப்பினோம். இப்போது நூற்றில் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். என்னோடு பாடிக்கொண்டே வேலை பார்த்த, நாங்கள் பாட்டுக்காரி என்று கூப்பிட்டவளின் முகம் வெந்தது எங்கள் கம்பெனி குக்கரில்தான். "அவங்க சரியா மூடியிருக்க மாட்டாங்க" என்றார் முதலாளி போன கூட்டத்தில். யாரு, அவளா? அவளுக்கா மூடத் தெரியாது?

மே 19

பெரிய பங்குதாரர்கள் தலையாட்டிவிட்டார்கள். 'உங்கள் பங்கையும் இந்தத் தேதிக்குள் எங்களிடம் விற்றுவிடுங்கள்' என்று கடிதம். வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவளிடமே விலை பேசுகிறார்கள்! கிழித்துப் போட்டேன்.

மே 20

என் வீட்டுக்காரர், இவர், அந்தக் கடிதத்தை உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார். பிடுங்கி மறுபடியும் கிழித்தேன்.

ஜூலை 2

விலகியே விட்டார்கள். பங்கு புரோக்கரிடம் போனேன்.

"நான்தான் வேண்டாம்னு ஓட்டுப் போட்டேனே, என் பங்கை ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?"

"பங்கு உங்களோடதுதான்க்கா. ஆனா இனிமே சந்தையில விக்க முடியாது. வாங்குற ஆளை நீங்கதான் தேடணும்."

எதிர்த்து ஓட்டுப் போட்டால் காப்பாற்றுவார்கள் என்று யார் சொன்னது எனக்கு? ஒருத்தரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன், மடச்சி.

இவருடைய மிக்சி ரிப்பேர் கடை இருக்கும் இடத்தை உரிமையாளர் விற்கிறாராம். என் பங்கை விற்றுத்தான் அதை வாங்க முன்பணம் கொடுக்க நினைத்திருந்தாராம். இன்றைக்குச் சொல்கிறார்!

"உன் கோபத்துக்கு முன்னால நான் எப்ப வாயைத் திறந்திருக்கேன்?" என்றார். சுருக்கென்றது. ஆனாலும் தட்டை டங்கென்று வைத்தேன்.

ஜூலை 6

புரோக்கரே போன் செய்தார். விடுபட்டவர்களிடம் அதே விலைக்கு ஒரு வருடம்வரை கம்பெனி வாங்கியாக வேண்டுமாம். இவருக்கு அப்பாடா என்றிருக்கிறது. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. கையெழுத்துப் போட்டால் இனி கூட்டத்துக்குள் விடாமல் கதவைச் சாத்திடுவானுங்க. போடாவிட்டால் இவர் கடை போச்சு. என்னதான் பண்ணட்டும் நான்?

ஜூலை 9

"எல்லாத்தையும் வித்தே ஆகணுமா?" என்று கேட்டேன்.

"அப்படி இல்லையேக்கா" என்றார் புரோக்கர்.

"ஒண்ணே ஒண்ணு வச்சுக்கிட்டா, கூட்டத்துக்குக் கூப்பிடணுமா?"

"கூப்பிட்டே ஆகணும். ஆனா அந்த ஒண்ணு அஞ்சு காசு பெறாது."

பெறாவிட்டால் போகட்டும். மீதிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 27

இவர் சொந்தக் கடையைத் திறக்கப் போனார், நான் கூட்டத்துக்குப் போனேன். முன்பெல்லாம் பெரிய மண்டபம். பேச ஆரம்பித்ததும் மைக்கை வாங்கிவிடுவார்கள். இன்று முதலாளியின் அறையிலேயே கூட்டம். முதலாளி, அவர் மகன், மருமகள், நான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பாட்டுக்காரியின் முகம் வெந்ததைச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டேன்.

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார் முதலாளி.

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள். "முகம் வெந்துச்சா? எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையே மாமா?"

அந்தப் பெண்ணிடம் நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.