பத்தொன்பது சொற்களும் ஒரு மோட்டாரும்

ஜூலை 22
பி.டி.ஓ. ஆபீசிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. 'கனிவான சொல் ஊராட்சி' என்று அரசாங்கத்தின் புதுத் திட்டமாம். பிறரைப் புண்படுத்தும் சொற்களைப் பொது இடத்தில் பேசுவதில்லை என்று ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். நன்றாகச் செய்கிற ஊராட்சிக்குக் கேடயம். கூடவே ஒரு படிவம், மூன்று கட்டம்: வரிசை எண், சொல், அது பேசப்படும் சூழல்.

அதாவது ஊரிலுள்ள கெட்ட வார்த்தையை எல்லாம் நான் பொறுக்கி எழுத வேண்டும். ஊராட்சிச் செயலர் வேலையில் இது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

தலைவர் ரத்தினத்துக்கு ஒரே குஷி. "அந்தக் கிளியம்மா வாய மூடிட்டாலே பாதிக் கேடயம் வந்த மாதிரிம்மா" என்றார். எனக்கும் உள்ளூரக் குஷிதான், பொய் சொல்வானேன். மே மாதக் கூட்டத்தில் அந்தம்மா எல்லோர் முன்னாலும் என்னை ஒரு வார்த்தை சொன்னாளே! பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூலை 24
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சட்டமே போடணும்" என்றார். கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் இவர் அம்மாவை இழுத்துப் பேசினானாம். செத்துப் பன்னிரண்டு வருஷமான அம்மா. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கை கழுவிக்கொண்டே, "அவனை மேனேஜர் இங்கிலீஷ்ல திட்றானே, அது உங்க லிஸ்ட்ல வருமா?" என்று கேட்டார். தெரியவில்லையே.

ஜூலை 27
இதுவரை ஒரு சொல்கூடச் சேரவில்லை. டீக்கடையில் நிமிஷத்துக்குப் பத்து விழும். நான் நோட்டோடு போய் நின்றால் எல்லோரும் சாமியார் ஆகிவிடுகிறார்கள். "வாங்க மேடம், டீ சாப்புடுங்க மேடம்." மேடமாம்!

ஜூலை 29
வேறு வழியில்லாமல் கிழக்குத் தெருவுக்கு, கிளியம்மாளிடமே போனேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள், ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மோடு. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது.

"குந்து. எய்திக்கோ."

சொல்லச் சொல்ல எழுதினேன். என் பேனாவுக்கே கூச்சம். ஒவ்வொன்றுக்கும் "சூழல் என்னக்கா?" என்று கேட்டேன்.

"இன்னா சூழல்? எங்க தெரு தண்ணி மோட்டார ரிப்பேருன்னு கயட்டிக்கினு போயி மூணு மாசம் கயிச்சி, 'நாளைக்கு வந்துடும்'னானே உங்க தலைவரு, அன்னிக்கி சொன்னது ஒண்ணு. தண்ணி லாரி வராம குளிக்காம ஷிஃப்டுக்குப் போனேனே, அன்னிக்கி ரெண்டு. கம்பெனில இருவது பாத்ரூம் கய்வுறேன், கொழாயத் தொறந்தா கொட்டுது. என் வூட்ல ஒரு சொம்பு தண்ணி கெடையாது. அது மூணு."

நாலாவது, என்னைச் சொன்ன வார்த்தை. கேட்காமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அவள் விடவில்லை.

"நான் கேட்டத வுட்டுட்டு, திட்னத மட்டும் எய்துனியே. அதுக்கு."

பதினெட்டுச் சொல். பதினெட்டும் அந்த மோட்டாரில்தான் போய் நிற்கிறது.

ஜூலை 30
மினிட் புத்தகத்தைப் புரட்டினேன். மோட்டாரைக் கழற்றிய பிறகு இந்த இரண்டு வருஷத்தில் ஆறு கூட்டத்தில் ஒரே வரி, என் கையெழுத்தில்: 'திருமதி கிளியம்மாளின் அநாகரிகப் பேச்சால் கூட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது.' மோட்டார் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தலைவர் சொன்னார், எழுதினேன். அவ்வளவு நல்ல பிள்ளை நான்! வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6
தலைவர் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பட்டியலிலுள்ள சொல்லைப் பேசுகிறவரைக் கூட்டத்திலிருந்து வெளியேற்றலாம். சரி என்றேன். அடுத்து, "பட்டியல்ல 'மோட்டார்'னு ஒண்ணு போட்டுக்கோ" என்றார்.

"சார், அது கெட்ட வார்த்தை இல்லையே?"

"அவ வாயால கேட்டா எனக்கு மனசு புண்படுதும்மா. புண்படுத்தும் சொல்னுதான போட்டிருக்கு?"

யாருக்குப் புண்பட்டால் கணக்கு? அதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை. என்னைக் கேட்டால் 'நாளைக்கு' என்பதைத்தான் முதலில் தடை செய்வேன். ஆனால் என்னை யார் கேட்கிறார்கள், பேனா வைத்திருப்பவள்தானே நான். சேர்த்தேன், எண் 19. கையெழுத்துக்கு நீட்டினேன். சொல் கட்டத்தில் முதல் வரியைப் பார்த்ததுமே, "ச்சீ ச்சீ, எடும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டுவிட்டார். மூன்றாவது கட்டத்தைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 14
நாளைக்குத் தீர்மானத்தை இணைப்போடு சத்தமாகப் படிக்க வேண்டும். பட்டியலைப் படிக்காமல் விட்டால்? அப்படியே நிறைவேறிவிடும். அப்புறம் மோட்டார் என்று யாராவது வாய் திறந்தால் வெளியே அனுப்புவார்கள், அதையும் நான்தான் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 15
கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் கூட்டம். பி.டி.ஓ. ஆபீசிலிருந்து பார்வையிட ஒருவர் வந்திருந்தார். "குழந்தைகள் இருப்பதால் சொற்களை விட்டுவிட்டு எண்ணையும் சூழலையும் மட்டும் படிக்கிறேன்" என்றேன். "நல்ல யோசனை" என்று தலைவரே தலையாட்டினார்.

"எண் ஒன்று. சூழல்: கிழக்குத் தெரு மோட்டாரைக் கழற்றிச் சென்று மூன்று மாதமாகியும் வராதபோது. எண் இரண்டு. சூழல்: தண்ணீர் லாரி வராமல் குளிக்காமல் வேலைக்குச் சென்றபோது..." நாலையும் படித்தேன்: "கேட்ட கேள்வியைச் செயலர் எழுதாதபோது."

ஐந்தைத் தாண்டியும் படித்துக்கொண்டே போனேன். கிளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எண் பத்தொன்பது. இந்தச் சொல்லைப் படிக்கலாம். மோட்டார். சூழல்: தலைவருக்கு மனம் புண்படும்போது."

பந்தலே சிரித்தது. வந்திருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "எந்த மோட்டார் சார்?" என்று தலைவரைக் கேட்டார். தலைவர் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். அது பட்டியலில் இல்லாதது.

தீர்மானத்துக்கு ஒரு கையும் உயரவில்லை. மினிட் மூன்று பக்கம் எழுதினேன். கிளியம்மாள் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது.

ஆகஸ்ட் 19
என்னை வேறு ஊராட்சிக்குத் தூக்கப்போவதாகப் பேச்சு. தூக்கட்டும்.

ஆகஸ்ட் 24
ஊரில் இப்போது எண்ணால் திட்டிக்கொள்கிறார்கள். "டேய் ஏழு, வண்டிய ஓரமா வுடு!" என் வீட்டுக்காரர் சூப்பர்வைசரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "குட்மார்னிங் ஒன்பது சார்" என்றாராம். ராத்திரி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 4
கேடயம் பக்கத்து ஊராட்சிக்கு. படிவம் முழுக்க 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

காலையில் கிழக்குத் தெருவில் மோட்டாரைப் பொருத்தினார்கள். முதலில் செம்மண் நிறத்தில் கக்கியது, அப்புறம் தெளிந்து கொட்டியது. கிளியம்மாள் இரண்டு கையாலும் அள்ளி என் முகத்தில் அடித்து, தெருவே கேட்கும்படி அந்த வார்த்தையைச் சொன்னாள். நாலாம் எண். என்னை அழவைத்த அதே வார்த்தை.

நனைந்த புடவையோடு ஆபீசுக்கு வந்து ஃபைலை எடுத்தேன். எண் நாலுக்கு நேரே, சூழல் கட்டத்தில், இருந்த கொஞ்ச இடத்தில் பொடி எழுத்தில் சேர்த்தேன்: 'தண்ணீர் வந்தபோதும்.'